கல்விக்கான அரசுப் பணம் எந்த வழியாக வருகிறது? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேசியாவிலோ நாலு பெற்றோர் கூடினால் பள்ளிக் கட்டணப் பேச்சு வராமல் போகாது. "அரசுப் பள்ளிதானே, பிறகு எதற்குக் கட்டணம்?" என்பார் ஒருவர். "நாம் கட்டுகிற வரியெல்லாம் வேறு பள்ளிகளுக்குத்தான் போகிறது" என்பார் இன்னொருவர். "பணமெல்லாம் பிரின்சிபால் கையில் இருக்கிறது, செலவு செய்யத்தான் மனமில்லை" என்று மூன்றாவது குரல் எழும். பல்கலைக்கழகத்தில் பிள்ளை படிக்கிற வீட்டுக்காரர், "உயர்கல்வி இலவசம் என்றார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்பார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் குடியேறிய குடும்பங்களுக்கு இன்னும் குழப்பம். அரசுப் பள்ளி என்றால் கட்டணம் கிடையாது என்று பழகிய அவர்கள், இங்கே அரசுப் பள்ளியே ஆண்டுக்குப் பல்லாயிரம் ராண்ட் கேட்பதைக் கண்டு திகைத்துப்போகிறார்கள்.

இந்தப் பேச்சுகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எல்லாமே ஒரு தவறான எண்ணத்தின் மேல் நிற்கின்றன. 'கல்வி பட்ஜெட்' என்று ஒரே தொகை எங்கோ இருக்கிறது, அதிலிருந்துதான் பாலர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பிரித்துக் கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் அது. உண்மையில் மழலையருக்கு ஒரு வழி, பள்ளிக்கு வேறொரு வழி, கல்லூரிக்கு மூன்றாவது வழி. ஒவ்வொன்றுக்கும் சட்டம் தரும் உறுதி வேறு; பணத்தை ஒதுக்குபவரும் வேறு. வழி தெரியாததால், கட்டவே தேவையில்லாத கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பாட்டியும் ஒன்பது பிள்ளைகளும்

ஒரு பாட்டியம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள். எல்லோருக்கும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம். ஆனால் குடும்பத்து நிலம், கடை, வாடகை வருமானம் எல்லாம் இன்னும் பாட்டியின் கையில்தான். பிள்ளைகளின் சொந்த வருமானம் சொற்பம்.

ஆண்டுக்கு ஒரு முறை பாட்டி கணக்குப் பார்க்கிறாள். முதலில் கடன்காரருக்கு வட்டி. மீதியில் ஒரு பகுதி தன் பொறுப்பில் உள்ள செலவுகளுக்கு. அதற்குப் பிறகு இருப்பதை ஒன்பது வீடுகளுக்கும் பிரிக்கிறாள். சரிசமமாக அல்ல: எந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதிகம், எந்த வீட்டில் நோயாளிகள் அதிகம், எந்த வீடு ரொம்பவும் கஷ்டப்படுகிறது என்று பார்த்துப் பிரிக்கிறாள். கையில் கொடுத்துவிட்டால், எதற்குச் செலவழிப்பது என்பது அந்த வீட்டுக்காரர் முடிவு. "உன் வீட்டில் நாலு பிள்ளை படிக்கிறதே என்றுதானே இவ்வளவு கொடுத்தேன்" என்று பாட்டி சொல்லலாம். மகன் அதில் வண்டி வாங்கினால் அவளால் தடுக்க முடியாது.

அதனால் பாட்டி சில தொகைகளைத் தனித்தனியாக முடிந்து வைக்கிறாள். "இது பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும். வேறு எதற்கும் தொடக்கூடாது" என்று சொல்லிக் கொடுக்கிறாள்.

பாட்டி என்பது பிரிட்டோரியாவில் உள்ள மத்திய அரசு. ஒன்பது பிள்ளைகள், குவாசுலு-நடால், காவ்டெங் உள்ளிட்ட ஒன்பது மாகாணங்கள். இனிமேல் நேராகக் கணக்குக்கே போய்விடலாம்.

பிரிட்டோரியாவிலிருந்து மாகாணத்துக்கு

வழக்கமாகப் பிப்ரவரியில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்கிறார். 2025-இல் மதிப்புக்கூட்டு வரியை உயர்த்துவது பற்றி ஆளும் கூட்டணிக்குள் எழுந்த தகராறால் அது தள்ளிப்போய், மார்ச்சில் ஒரு முறை வந்து, வரி உயர்வு கைவிடப்பட்டு, மே 21 அன்று மறுபடி வந்தது. அந்த வரி 15 விழுக்காட்டிலேயே நின்றது. நம் கடைகளில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் அந்த வரி உயர்வு எதற்காகக் கேட்கப்பட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை: மாகாணங்களில் ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் வேலையில் தக்கவைப்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

அரசுக்கு வரும் ஒவ்வொரு ராண்டிலும் சுமார் 22 சென்ட் பழைய கடனுக்கான வட்டியாகப் போய்விடுகிறது. வட்டி போக மீதமுள்ளதில் ஏறக்குறைய பாதி மத்திய அரசின் துறைகளுக்கு, நாற்பது விழுக்காட்டுக்குச் சற்று மேல் மாகாணங்களுக்கு, பத்தில் ஒரு பங்கு நகராட்சிகளுக்கு. மாகாணங்கள் தாமாகத் திரட்டுவது தம் வருவாயில் சுமார் 3 விழுக்காடுதான். வாகன உரிமக் கட்டணம், சூதாட்ட வரி போன்றவை அவை. ஆக, மாகாணம் பெரும்பாலும் பிரிட்டோரியாவின் கையை எதிர்பார்த்தே நிற்கிறது.

மாகாணங்களுக்கு நிபந்தனையின்றித் தரப்படும் பெரிய தொகைக்கு சமபங்கு என்று பெயர். பெயர் சமபங்கு என்றாலும் தொகை சமமில்லை. தேவைக்கேற்ப ஒரு சூத்திரம் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்தில் கல்விக்கு 48 விழுக்காடு எடை உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளியில் சேர்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்து அந்தப் பகுதி கணக்காகிறது.

இங்கேதான் பெரிய தவறான புரிதல் நடக்கிறது. "48 விழுக்காடு கல்விக்கென்று வருகிறது, எங்கே போனது அந்தப் பணம்?" என்று கேட்கிறார்கள். அந்த எண், மாகாணத்துக்கு மொத்தம் எவ்வளவு தருவது என்று முடிவு செய்ய மட்டுமே. வந்த பணத்தில் எவ்வளவு பள்ளிக்கு, எவ்வளவு மருத்துவமனைக்கு, எவ்வளவு சாலைக்கு என்று தீர்மானிப்பது அந்தந்த மாகாணச் சட்டமன்றம்; குவாசுலு-நடாலுக்கு அது பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

முடிந்து தரப்படும் பணத்துக்கு நிபந்தனை மானியம் என்று பெயர். பள்ளி உணவுத் திட்டமும் பள்ளிக் கட்டட மானியமும் இந்த வகை. உணவுக்கு வந்த பணத்தில் கணினி வாங்க முடியாது. 1994-இல் நெல்சன் மண்டேலா ஆட்சிக்கு வந்ததும் தொடங்கிய அந்த உணவுத் திட்டம் இன்று நாடு முழுவதும் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. அரசு செய்தவற்றில் நான் மனதாரப் பாராட்டுகிற ஒன்று அது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மத்திய அரசு வரியை வசூலிக்கிறது, விதிகளை வகுக்கிறது. மாகாணம் பணத்தைப் பெற்றுப் பள்ளிகளை நடத்துகிறது. விதி சொல்பவர் ஒருவர், செலவு செய்பவர் இன்னொருவர். நம் பள்ளிகளின் பாதிச் சிக்கல் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

சட்டம் தரும் உறுதி எல்லோருக்கும் ஒன்றல்ல

அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு கல்வி உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அடிப்படைக் கல்வி ஒவ்வொருவருக்கும் உரிமை என்று சொல்லிவிட்டு, மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது சுருதியை இறக்கிவிடுகிறது: அரசு நியாயமான நடவடிக்கைகள் எடுத்து, படிப்படியாக அதைக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது.

இந்த வேறுபாட்டை உறுதி செய்த வழக்கு நம் குவாசுலு-நடாலிலிருந்து போனதுதான். தனியார் அறக்கட்டளை ஒன்றின் நிலத்தில் நடந்துவந்த ஜும்ஆ மஸ்ஜித் தொடக்கப் பள்ளியைக் காலி செய்வது பற்றிய வழக்கு அது. 2011-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், வீடு, மருத்துவம் போன்ற உரிமைகளைப் போல அடிப்படைக் கல்வியைப் 'படிப்படியாக' என்று தள்ளிப்போட முடியாது, அது உடனடியாக நிறைவேற வேண்டிய உரிமை என்றது. பள்ளிக்குப் பணமில்லை என்று அரசு சொல்வதற்கும் பல்கலைக்கழகத்துக்குப் பணமில்லை என்று சொல்வதற்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் உண்டு.

மழலையர் கல்வியை அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

பள்ளிக்கு வருவது ஒரே தொகை அல்ல

ஓர் அரசுப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக அரசு செலவிடும் பணத்தில் மிகப் பெரிய பங்கு ஆசிரியர் சம்பளம். மாகாணக் கல்வித் துறைகளின் செலவில் முக்கால் பங்குக்கும் மேல் சம்பளத்துக்கே போகிறது. இந்தப் பணம் பள்ளிக்கு வருவதே இல்லை. ஆசிரியரின் வங்கிக் கணக்குக்கு மாகாணத்திலிருந்து நேராகப் போகிறது. பிரின்சிபாலுக்குத் தெரிவது பணத்தின் அளவு அல்ல, 'உங்கள் பள்ளிக்கு இத்தனை பதவிகள்' என்ற எண்தான். மாணவர் எண்ணிக்கை, வகுப்புகள், பாடங்கள் ஆகியவற்றை வைத்து இது கணக்கிடப்படுகிறது. இதற்குப் பதவி ஒதுக்கீடு என்று பெயர்.

சம்பளத்துக்கே பெரும்பகுதி போவதால் ஒரு நெருக்கடி வருகிறது. அரசு ஊழியர் சம்பளத்தைப் பேசி முடிப்பது மத்திய அளவில். உயர்ந்த சம்பளத்தைக் கொடுப்பது மாகாணம். உயர்வுக்கு ஈடாகப் பிரிட்டோரியாவிலிருந்து முழுத்தொகை வராவிட்டால், மாகாணம் ஆட்களைக் குறைக்கும். 2023-இல் ஏற்பட்ட சம்பள ஒப்பந்தத்துக்குப் பிறகு இதுதான் நடந்தது. மேற்குக் கேப் மாகாணம் 2024-இல், அடுத்த ஆண்டுக்கு 2,407 ஆசிரியர் பதவிகளைக் குறைப்பதாக அறிவித்தது. பட்ஜெட் உரையில் கல்விக்கான தொகை உயர்ந்திருக்கும். உங்கள் பிள்ளையின் வகுப்பில் பத்துப் பேர் கூடியிருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

இரண்டாவது, கட்டடம். மூன்றாவது, மதிய உணவு. இரண்டும் நான் சொன்ன நிபந்தனை மானியங்கள்.

நான்காவதுதான் பள்ளியின் கைக்கு உண்மையில் வரும் பணம், அல்லது பள்ளியின் பெயரில் மாகாணம் செலவிடும் பணம். நோட்டு, புத்தகம், தண்ணீர், மின்சாரம், சின்னச் சின்னப் பழுது எல்லாம் இதில்தான். இதை பள்ளி ஒதுக்கீடு என்று சொல்லலாம். பள்ளி அலுவலகத்தில் 'நார்ம்ஸ் அண்டு ஸ்டாண்டர்ட்ஸ் பணம்' என்பார்கள். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு ஆண்டுதோறும் ஓர் இலக்குத் தொகையை வெளியிடுகிறது. 2024-இல் கட்டணமில்லாப் பள்ளிகளுக்கு அது ஒரு பிள்ளைக்கு 1,672 ராண்ட். குவாசுலு-நடால் மாகாணம் ஒதுக்கிவந்ததோ 955 ராண்ட். அதுவும் பல பள்ளிகளுக்குத் தாமதமாக வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை என்று பிரின்சிபால்களின் சங்கங்களே வெளிப்படையாகப் புகார் சொல்லின. பிரின்சிபால் பணத்தைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விதி சொல்பவர் ஒருவர், செலவு செய்பவர் இன்னொருவர் என்றேனே, அதன் விலை ஒரு பிள்ளைக்கு எழுநூற்றுச் சொச்சம் ராண்ட்.

காலக்கணக்கும் ஒத்துப்போவதில்லை. பள்ளி திறப்பது ஜனவரியில். அரசின் நிதியாண்டு தொடங்குவது ஏப்ரல் 1-இல். ஜனவரியில் நோட்டுப் புத்தகம் இல்லாமல் வகுப்பு தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குவின்டைல்: ஒரு பள்ளி ஏழையா பணக்காரப் பள்ளியா என்று யார் சொல்வது?

நாட்டின் அரசுப் பள்ளிகளை ஏழ்மை வரிசையில் ஐந்து அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் குவின்டைல் என்று பெயர். முதல் அடுக்கு மிக ஏழை, ஐந்தாவது வசதியானது. 2007 முதல் கீழடுக்குப் பள்ளிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்ற முறை வந்தது. இன்று முதல் மூன்று அடுக்குகளும் கட்டணமில்லாப் பள்ளிகள். நாட்டின் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் இவற்றில்தான் படிக்கிறார்கள். நான்காம், ஐந்தாம் அடுக்குப் பள்ளிகள் கட்டணம் வாங்கலாம். பதிலுக்கு அவற்றுக்கு அரசு தரும் பள்ளி ஒதுக்கீடு குறைவு. கட்டணமில்லாப் பள்ளிக்கு 1,672 ராண்ட் என்ற அதே ஆண்டில் ஐந்தாம் அடுக்குக்கு 300 ராண்ட் கூட இல்லை.

நம்மவர்கள் பலர் இதைக் கேட்டுக் கொதித்துப்போகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இனவெறி ஆட்சியில் வெள்ளைக் குழந்தைக்கு அரசு செலவிட்டதில் கறுப்பினக் குழந்தைக்குக் கிடைத்தது மிகச் சிறிய பங்கு. இந்தியப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை. அதற்கும் முன்னால் நடாலில் இந்தியர் பள்ளிகளைப் பெரும்பாலும் நம் முன்னோர்களே காசு சேர்த்துக் கட்டினார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த பணம் அது. டர்பனின் சாஸ்திரி கல்லூரியும் சமூகம் திரட்டிய நிதியில் எழுந்ததுதான். இந்தியாவின் முகவராக இங்கே வந்த வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியின் பெயரைத் தாங்கியது அது. அரசு கொடுக்காததால் பிள்ளைகள் படிக்க முடியாமல் போவது எப்படியிருக்கும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். ஏழைப் பள்ளிக்கு அதிகம் கொடுப்பது என்ற கொள்கை நியாயமானது. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

கோளாறு அடுக்கைத் தீர்மானிக்கும் முறையில் இருக்கிறது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீட்டு நிலைமையைப் பார்த்து அடுக்கு முடிவாவதில்லை. பள்ளி இருக்கும் பகுதியின் வருமானம், வேலையின்மை, எழுத்தறிவு ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துக் கணக்கிடுகிறார்கள். செங்கல் வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் பள்ளி இருக்கலாம். அதில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் மலைச்சரிவில் தகரக் குடிசைகளிலிருந்து டாக்ஸி பிடித்தோ நடந்தோ வரலாம். வேலையிழந்த துணி ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளும் அதே பள்ளியில் இருக்கலாம். பகுதிக் கணக்கு அதைக் காட்டாது. அடுக்கை மாற்றக் கோரி மாகாணத்திடம் விண்ணப்பிக்கப் பள்ளிகளுக்கு வழி உண்டு. ஆனால் மேலே சொன்ன பண நெருக்கடியில் மாகாணம் அதை லேசில் ஒத்துக்கொள்வதில்லை.

கட்டணப் பள்ளியில் கட்டணத்தை நிர்ணயிப்பது பிரின்சிபாலும் அல்ல, கல்வித் துறையும் அல்ல. பெற்றோர் கூடும் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளி ஆட்சிக்குழு பட்ஜெட்டை வைக்கிறது, பெற்றோர் வாக்களிக்கிறார்கள். எஸ்.ஜி.பி. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோரே பெரும்பான்மை. கட்டணப் பணத்தில் பள்ளி பெரும்பாலும் செய்வது, அரசு தந்த பதவிகளுக்கு மேல் கூடுதல் ஆசிரியர்களை அமர்த்துவது.

சுருக்கமாக: ஐந்தாம் அடுக்குப் பள்ளியின் ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கும் அரசுதான் சம்பளம் கொடுக்கிறது. நோட்டு, மின்சாரம், கூடுதல் ஆசிரியர் ஆகியவற்றுக்குத்தான் உங்கள் கட்டணம்.

கட்டணம் கட்ட முடியாவிட்டால்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அரசுப் பள்ளி எதுவாக இருந்தாலும், கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது. மதிப்பெண் அறிக்கையை நிறுத்தி வைக்கக்கூடாது. கட்டணம் வாங்கும் ஒவ்வோர் அரசுப் பள்ளியும் கட்டண விலக்கு தர வேண்டும். அது பள்ளி காட்டும் இரக்கம் இல்லை, சட்டம்.

கணக்கு எளிது. பெற்றோர் இருவரின் வரிக்கு முந்தைய ஆண்டு வருமானத்தைக் கூட்டுங்கள். பள்ளிக் கட்டணமும் பள்ளி கட்டச் சொல்லும் கூடுதல் தொகைகளும் அதில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2 விழுக்காட்டுக்கு மேல், 10-க்குக் கீழ் என்றால் பகுதி விலக்கு. அதற்கும் கீழே என்றால் விலக்கு இல்லை.

ஆண்டு வருமானம் 1,80,000 ராண்ட் உள்ள ஒரு குடும்பம். பள்ளிக் கட்டணம் 20,000 ராண்ட். பதினோரு விழுக்காட்டைத் தாண்டுகிறது. அந்தக் குடும்பம் ஒரு சென்ட் கூடக் கட்டத் தேவையில்லை. அதே பள்ளியில் 3,00,000 ராண்ட் வருமானமுள்ள குடும்பத்துக்குச் சுமார் 6.7 விழுக்காடு. பகுதி விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்காக அரசின் சமூக உதவித்தொகை பெறுபவர்களும் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைகளும் கணக்கே போடாமல் விலக்கு பெறுவார்கள்.

பள்ளி மறுத்தால் முப்பது நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். நம் சமூகத்தில் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்று நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. வருமானச் சான்றை மூடிய உறையில் கொடுத்தால் போதும். பள்ளி அதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

ஒரு பக்கத்தை மறைக்கக்கூடாது. விலக்குப் பெற்ற பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு மாகாணம் தரும் ஈடு மிகக் குறைவு. விலக்கு கூடக் கூட, கூடுதல் ஆசிரியரை அமர்த்தும் சக்தி குறைகிறது. சில பள்ளிகள் விலக்கைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் விலக்கு உண்டு என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிப்பது பள்ளியின் கடமை என்று விதி சொல்கிறது.

மழலையர்: ஒரு நாளைக்குச் சில ராண்ட்

அரசியலமைப்பு பெயர் சொல்லாத மழலையர் கல்வியின் நிலை இதுதான்: ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கிரெச்களும் (குழந்தைக் காப்பகங்களும்) பாலர் பள்ளிகளும் அரசு நடத்துபவை அல்ல. பெரும்பாலும் பெண்கள் தங்கள் வீட்டிலோ கோயில், தேவாலய மண்டபத்திலோ நடத்துகிறார்கள். 2021-இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 42,420 இடங்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் மூன்றில் ஒன்றுக்குத்தான் அரசு மானியம் கிடைத்துவந்தது.

மானியம் என்பது பதிவு பெற்ற இடத்தில் படிக்கும் ஏழைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்டாக இருந்தது. 2019 முதல் 2025 பட்ஜெட் வரை அந்தத் தொகை நகரவில்லை. சாப்பாடு, ஆசிரியைக்குச் சம்பளம், வாடகை எல்லாம் அதில். 2022 ஏப்ரல் 1 அன்று இந்தப் பொறுப்பு சமூக நலத்துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியது. 2025 பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ராண்ட் கூடுதலாக ஒதுக்கி, தொகையை 24 ராண்டாக உயர்த்துவதாகவும் இன்னும் ஏழு லட்சம் குழந்தைகளைச் சேர்ப்பதாகவும் அறிவித்தார்கள். பதிவில்லாத இடங்களைப் பதிவுக்குக் கொண்டுவர 'பனா பேலே' என்ற இயக்கமும் தொடங்கியது. உங்கள் தெருவில் கிரெச் நடத்தும் அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். பதிவு இல்லாமல் மானியம் வராது.

பள்ளிக்கு முந்தைய ஆண்டான கிரேடு ஆர் மட்டும் தனிக்கதை. 2024-இல் குடியரசுத் தலைவர் சிரில் ராமபோசா கையெழுத்திட்ட பேலா சட்டம் (பள்ளிக் கல்விச் சட்டங்களைத் திருத்திய சட்டம்) அதைக் கட்டாயமாக்கியது. அதற்குத் தேவையான வகுப்பறைக்கும் ஆசிரியருக்கும் முழுப்பணம் எங்கிருந்து என்ற கேள்வி மறுபடியும் மாகாணத்தின் தலையில்தான் விழுகிறது.

மூளை வேகமாக வளரும் வயதில் ஒரு நாளைக்குச் சில ராண்ட், பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்குப் பல்லாயிரம் ராண்ட் என்ற இந்த வரிசை தலைகீழ் என்றே நினைக்கிறேன். பல்கலைக்கழக மாணவர்களால் தெருவில் இறங்கிப் போராட முடியும். மூன்று வயதுக் குழந்தையால் முடியாது.

கல்லூரியும் பல்கலைக்கழகமும்

மெட்ரிக் முடித்த பிள்ளை மாகாணத்தின் கையிலிருந்து நேராகப் பிரிட்டோரியாவின் கைக்குப் போகிறது. 26 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும், டிவெட் எனப்படும் 50 தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் பணம் தருவது மத்திய உயர்கல்வித் துறை. பல்கலைக்கழகத் தகராறுக்காக மாகாணக் கல்வி அமைச்சரைத் திட்டுவதில் பொருளில்லை.

பல்கலைக்கழகத்துக்கு அரசு தருவது தொகுப்பு மானியம். எத்தனை மாணவர்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எவ்வளவு ஆய்வுகள் என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். அது போதாததால் கட்டணம். 2015 அக்டோபரில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டண உயர்வை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டுக்கான உயர்வு கைவிடப்பட்டது. 2017 டிசம்பரில் அன்றைய தலைவர் ஜேக்கப் சூமா இலவச உயர்கல்வியை அறிவித்தார்.

'இலவசம்' என்றதும் பல்கலைக்கழகமே கட்டணத்தை எடுத்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. கட்டணம் அப்படியே இருக்கிறது. தகுதியுள்ள மாணவருக்காக அதை என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு நிதி அமைப்பு கட்டுகிறது. தகுதி: குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள், மாற்றுத்திறனாளிக்கு 6,00,000-க்குள். அரசு நிறுவனங்களில், முதல் பட்டத்துக்கு அல்லது சான்றிதழுக்கு மட்டும். தனியார் கல்லூரிக்குக் கிடையாது. பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். முன்பு அது கடன். 2018 முதல் புதிய மாணவர்களுக்கு உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டாம். அந்த அமைப்பின் நிர்வாகம் பலமுறை தடுமாறியது. 2024 ஏப்ரலில் அதன் இயக்குநர் குழுவையே கலைக்க வேண்டி வந்தது.

3,50,000 என்ற வரம்பு 2018-இல் வைத்தது. விலைவாசி ஏறியும் அது ஏறவில்லை. கணவன் கடையிலும் மனைவி அலுவலகத்திலும் சாதாரண வேலை பார்க்கும் குடும்பம் கூட இன்று அதைத் தாண்டிவிடும். உதவித்தொகைக்கு வசதி அதிகம், கட்டணம் கட்ட வசதி குறைவு என்ற இந்த இடைக்குடும்பங்களுக்காக 2024-இல் ஒரு கடன் திட்டம் அறிவித்தார்கள். அது கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆண்டுச் சம்பளச் செலவு 5,00,000 ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டைத் திறன் வரியாகக் கட்டுகின்றன. அதன் பெரும்பகுதி துறைவாரியான செட்டா அமைப்புகள் வழியாகத் தொழில்பயிற்சிக்குப் போகிறது. கடை, பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் வரியைக் கட்டிவிட்டு, பயிற்சி மானியத்தைக் கேட்டு வாங்குவதில்லை.

பள்ளியில் தமிழாசிரியர் ஏன் இல்லை?

அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயரையே சொல்கிறது. 2014-இல் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஆகியவற்றை விருப்பப் பாடமாக வைக்கவும் வழி செய்தார்கள். ஆனால் பாடம் நடத்த ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டுமானால் பதவி ஒதுக்கீட்டில் இடம் வேண்டும். கணிதத்துக்கே ஆள் போதாத பள்ளி, பதினைந்து பேர் படிக்கும் தமிழுக்கு ஒரு பதவியைத் தராது. எனவே ஆட்சிக்குழு கட்டணப் பணத்தில் பகுதிநேர ஆசிரியரை அமர்த்த வேண்டும், அல்லது இப்போது நடப்பது போலத் தமிழ்ச் சங்கங்கள் மாலையிலும் வார இறுதியிலும் தங்கள் செலவில் நடத்த வேண்டும். உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. அதற்கான சம்பளம் எந்தப் பட்ஜெட்டிலும் இல்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

ஆசிரியர் பதவி, வராத பள்ளி ஒதுக்கீடு, குவின்டைல் மாற்றம், விலக்கு மேல்முறையீடு: மாகாணக் கல்வித் துறை, முதலில் அதன் மாவட்ட அலுவலகம். உதவித்தொகை: பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகம், பிறகு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். கிரெச் பதிவும் மாகாணக் கல்வித் துறையில்தான். நகராட்சி உறுப்பினரிடம் இவற்றுக்காகப் போவதில் பயனில்லை. பள்ளிகள் நகராட்சியின் பொறுப்பில் இல்லை.

கட்டணத்துக்கும் கூடுதல் ஆசிரியருக்கும் பள்ளி ஆட்சிக்குழுவைக் கேளுங்கள். பட்ஜெட் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். வந்து வாக்களிக்கிற பெற்றோரின் பெரும்பான்மைதான் கட்டணத்தை முடிவு செய்கிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உள்ள பள்ளிகளில் பலமுறை விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வருகிறார்கள். பள்ளியின் வரவு செலவுப் பதிவுகளையும் தணிக்கை அறிக்கையையும் உங்களுக்குக் காட்டச் சொல்லவும் உரிமை உண்டு. தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 43-ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.